மகளின் மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை சொந்தக்காரர்?

இயேசு மரி சூசை

ஒரேத்தோ, பலேர்மோ, இத்தாலி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பும் மரியாதையும் உள்ள கொட்வின் மச்சானுக்கு, உங்கள் தங்கை கிளறாவின் கணவன் யாக்கோபு எழுதிக்கொள்வது. உங்களுடைய சீனி வருத்தம் இப்போது எப்படி, மன்னாரில் மழை விட்டதா, மச்சாளின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததா? இங்கே நாங்கள் மூவரும் ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்று கேட்டால், அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். நேற்றுக் காலை கிளறா உங்களுக்குப் போன் எடுத்து, "அண்ணை, இந்த மனுசன் பிள்ளையின்ர மோட்டார் சைக்கிளை ரோட்டாலை போன கிழவனுக்குத் தூக்கிக் குடுத்திட்டுது" என்று அழுதது எனக்குத் தெரியும். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் சொன்னதில் பெரிய பொய் இல்லை. ஆனால் அவர் ரோட்டால் போனவர் அல்ல, தன்னுடைய வீட்டு வாசலில் கதிரை போட்டு இருந்தவர். அந்த வித்தியாசத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இதை நானே போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தால் கிளறா பின்னால் நின்று வசனத்துக்கு வசனம் திருத்துகிறாள். கடிதத்தை அவளால் திருத்த முடியாது.

மகள் தர்சனா பிசியோதெரபி படித்து முடித்து, வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலையில் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தேன். அவளுடைய நோயாளிகள் எல்லாரும் லிபெர்த்தாப் பக்கத்துப் பணக்காரர்கள். நாங்கள் இருப்பது நகரத்தின் மற்ற அந்தத்தில். இடையில் ஓடுகிற பஸ்ஸைப் பற்றி நான் உண்மையை எழுதினால் அடுத்த கிழமை அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டி வரும். ஆகவே அவள் மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறேன் என்றபோது நானும் ஓம் என்றேன். ஒரு பின்னேரம் கீழே ஹோர்ன் கேட்டது. நானும் கிளறாவும் தீர்த்தப் போத்தலோடு இறங்கிப் போனோம். மகள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். பக்கத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்ததும் எனக்குத் தீர்த்தம் தெளிக்கிற கை அப்படியே நின்றுவிட்டது மச்சான். லைற் வட்டம், கண்ணாடி வட்டம், மீற்றர் வட்டம். சில்லுக்குக் கம்பி. இருக்கை மண்ணிறத்தில் தையல் போட்ட பழைய மெத்தை. பெற்றோல் ராங்கி பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியின் நிறம், ஒரு சொட்டு மினுக்கம் கிடையாது. எங்கள் அப்பா காலத்துப் பங்குச் சாமியார் ஓடிய சைக்கிளைக் கடலுக்குள் இருந்து எடுத்துக் காயவைத்த மாதிரி இருந்தது.

"பிள்ளை, புதுசு எண்டெல்லோ சொன்னாய்?" என்றேன்.

"புதுசுதான் அப்பா. ரெத்ரோ."

ரெத்ரோ என்றால் இத்தாலியனில் பின்பக்கம். நான் துடைக்கிற கப்பலில் அப்படி எழுதிய கதவைக் கண்டால் சாமான்களோடு பின்னால் சுற்றிப் போக வேண்டும். "பின்பக்கம் இருக்கட்டும் பிள்ளை, முன்பக்கமும் பழசாத்தானே கிடக்கு?" என்று கேட்டேன்.

"ஐயோ அப்பா, அது பழைய காலத்து ஸ்ரைல். எங்களை மாதிரி இளம் ஆக்களுக்கெண்டு செய்யிறது. விலையும் குறைவு."

இளம் ஆட்களுக்கு ஏன் பழையதைச் செய்கிறார்கள், அப்படியென்றால் புதியதை யாருக்குச் செய்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு, தீர்த்தத்தைத் தெளித்தேன். யாரோ பிள்ளையை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இனித்தான் விசயம் வருகிறது. மறுநாள் நான் வேலையால் வரும்போது, எங்கள் தெருமுனையில் இருக்கிற சிஞ்ஞோர் கஸ்பாரே அந்தச் சைக்கிளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பென்சன் எடுத்த மனுசன், நல்ல மனுசன், வழியில் கண்டால் கையைத் தூக்காமல் போகமாட்டார். ராங்கியைத் தடவினார், என்னைப் பார்த்தார், கண் கலங்கி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு இத்தாலியனில் "சுத்தம்", "ஊத்தை", "கெதியா" என்கிற சொற்கள் நன்றாகத் தெரியும், கப்பல் அறை துடைக்கிறவனுக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது "மீயா" என்ற ஒரு சொல்தான். மீயா என்றால் "என்னுடையது". சைக்கிளைக் காட்டிக் காட்டி மீயா, மீயா என்றார். சரி, வயதான மனுசன், மாறாட்டம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து அதே ராங்கியைத் தட்டி மீயா என்றார். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இன்னொரு கிழவர் அதைக் கட்டிப்பிடிக்காத குறை. அவருடைய கதையில் மீயாவோடு தம்பி என்கிற சொல்லும் காதில் விழுந்தது. மச்சான், ஒரு சைக்கிளைப் பார்த்து மூன்று பேர் தனித்தனியாக என்னுடையது என்று கண் கலங்கினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? இது கை மாறிக் கை மாறி வந்த களவுச் சைக்கிள், அதற்கு மினுக்கமில்லாத பெயின்ற் அடித்து, ரெத்ரோ என்று பெயர் வைத்து, ஒன்றும் தெரியாத பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதானே?

கிளறாவிடம் சொன்னேன். "உங்களுக்கு விசரே? பிள்ளையைக் கேளுங்கோவன்," என்றாள். எப்படிக் கேட்பது? தர்சனா குடியுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. களவுச் சாமான் என்று ஒரு வழக்கு எழுந்தால் பெத்துரா என்கிற அரசாங்கக் கந்தோர், கெஸ்துரா என்கிற பொலிஸ் கந்தோர் என்று ஏறி இறங்கிப் பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆகும்? அவளுக்குச் சொன்னால் அவள் கடைக்காரனோடு சண்டைக்குப் போவாள், சண்டை பொலிசுக்குப் போகும். அவளுக்குத் தெரியாமல் சைக்கிளைச் சொந்தக்காரரிடம் சேர்த்துவிட்டு, நான் மேலதிக வேலை செய்து பளபளவென்று சிவப்பில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். மூன்று சொந்தக்காரர்களில் யாருக்கு என்று யோசித்தேன். அதிகமாக அழுதவர் கஸ்பாரே. அத்தோடு அவருடைய வீடுதான் கிட்ட.

நேற்றுக் காலை மகள் எழும்ப முன்னம் திறப்பை எடுத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். சிஞ்ஞோர் கஸ்பாரே வாசலில் கதிரை போட்டுப் பத்திரிகை பார்த்துக்கொண்டு இருந்தார். நான் திறப்பை அவருடைய உள்ளங்கையில் வைத்து, "சிஞ்ஞோர், தூவா," என்றேன். தூவா என்றால் "உன்னுடையது". மரியாதையாகச் சொல்ல வேறு சொல் இருக்கிறதாம், எனக்கு அது வரவில்லை. அவர் திறப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, பல்கனியில் நின்ற மனிசியைக் கூப்பிட்டுக் கத்தினார். மனிசி திருப்பிக் கத்தினா. இவர் உள்ளே ஓடி ஒரு பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, காலால் உதைக்கிற கட்டையைத் தேடினார். அது இல்லை, அதற்குப் பதிலாகப் பொத்தான்தான் இருக்கிறது. நானே அமத்திவிட்டேன். மனுசன் ஒரு ஆட்டம் ஆடி, நேராகி, தெருவால் திரும்பி மறைந்தார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவன் மாதிரி எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. மேலே வந்து இரண்டு துண்டு பாண் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவ முன்னம் தர்சனா வேலைக்கு வெளிக்கிட்டுக் கீழே போய்விட்டுத் திரும்பி ஏறி வந்தாள். "அப்பா, என்ர சைக்கிளைக் காணேல்லை!"

"பயப்பிடாதை பிள்ளை. அதைச் சொந்தக்காரரிட்டைக் குடுத்திட்டன்."

"நான்தானே அப்பா சொந்தக்காரி!"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீயாக்கள் மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "அப்பா, அவையள் சொன்னது, 'என்னட்டையும் இதை மாதிரி ஒண்டு இருந்தது' எண்டு. 'என்ர சைக்கிளும் இப்பிடித்தான்' எண்டு. அதுக்குத்தான் கண்ணீர். அந்த மருந்துக்கடைக்காரர் எனக்கும்தான் சொன்னவர்." அவள் கத்துவாள் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன், கத்தவில்லை. "நான் உழைச்சு முதல் முதலா வாங்கின சாமான் அது. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னாலை ஒரு பழைய சாமானையும் புதுச் சாமானையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது எண்டுதானே நினைச்சனீங்கள்?" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனாள். லிபெர்த்தாவில் ஒரு அம்மா, விழுந்து எழும்பின பிறகு இவள் வந்தால் மட்டும்தான் கட்டிலை விட்டு இறங்குவாவாம். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹெல்மெட்டோடு பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை மச்சான். அந்த நேரம்தான் கிளறா உங்களுக்குப் போன் எடுத்தாள்.

நான் கஸ்பாரே வீட்டுக்கு ஓடினேன். மனுசன் வரவில்லை. போனையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், நெஞ்சு வருத்தக் குளிசையையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூத்த பிள்ளை பிறந்த பிறகு அவர் மோட்டார் சைக்கிளைத் தொட்டதே இல்லையாம், அந்த மூத்த பிள்ளை இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டாராம். இதையெல்லாம் மனிசி கையால் காட்டிக் காட்டி, நடுநடுவே என்னைச் சிசிலியன் பாசையில் பேசி முடித்தா. அதில் ஒரு சொல்லும் விளங்காதது ஆண்டவர் எனக்குச் செய்த உதவி. பிறகு என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்திக் கோப்பி தந்து, செபமாலையை எடுத்தா. அவ இத்தாலியனில் பாதி சொல்ல, நான் தமிழில் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மீதி சொன்னேன். எனக்கு அந்த நேரம் சைக்கிள் நினைவில் இல்லை. அந்த மனுசன் ஒரு லொறிக்குக் கீழே போயிருந்தால் அவருடைய கையில் திறப்பை வைத்தவன் நான்தானே என்று நினைத்து நினைத்துத்தான் மணியை உருட்டிக்கொண்டு இருந்தேன்.

செபமாலை இரண்டாம் முறை சுற்றும்போது தெருவில் சத்தம் கேட்டது. சிஞ்ஞோர் கஸ்பாரே வந்து இறங்கினார். மூக்கு வெயிலில் சிவந்து, சப்பாத்து நிறைய மணல், சேட்டில் ஐஸ்கிறீம். மொந்தெல்லோக் கடற்கரைக்குப் போயிருக்கிறார் (இதெல்லாம் பிறகு தர்சனா கேட்டுச் சொன்னது). அங்கே இதே மாதிரிச் சைக்கிள்களோடு ஒரு கூட்டம் பெடியன்களும் பெட்டைகளும் நின்றார்களாம். இவரை நடுவில் இருத்திக் கோப்பி வாங்கிக் கொடுத்து, பழைய கதை கேட்டுப் படம் எடுத்தார்களாம். மனிசி அவருக்கு ஒரு அடி போட்டு, குளிசையை வாயில் திணித்து, பிறகு கட்டிப்பிடித்து அழுதா. நான் இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கிளறா கணவாய்க் கறியும் சோறும் போட்டாள். தர்சனா வரும்போது மனுசன் எங்கள் சாய்மனைக் கதிரையில் நித்திரை, முழங்கால் வீங்கிக் கிடந்தது. அவள் என்னைத் தாண்டி நேரே அவரிடம் போனாள். குனிந்து அவருடைய முழங்காலைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டினாள். அவர் கண்ணைத் திறந்து, அவளுடைய கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"என்னவாம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒரு தகப்பன் எல்லாருக்கும் கிடைக்க வேணுமாம். மகளின்ர சைக்கிளை அயலுக்கு இரவல் குடுக்கிற நல்ல மனமாம்." பிறகு சொன்னாள், "இனிமேல் என்னட்டைக் கேளுங்கோ அப்பா. எதெண்டாலும்." நான் ஓம் என்றேன். சைக்கிள் திரும்பி வந்ததைக் கிளறா உங்களுக்குச் சொல்லவில்லை என்று இன்றைக்குக் கோயிலால் வரும்போதுதான் அறிந்தேன். "அண்ணை ரெண்டு நாளைக்கு உங்களைப் பற்றி அப்பிடியே நினைச்சுக்கொண்டிருக்கட்டும்" என்கிறாள்.

ஆகவே மச்சான், உங்கள் மச்சினன் விசரன் அல்ல, சைக்கிள் பத்திரமாக வாசலில் நிற்கிறது, களவு என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை. ரெத்ரோ என்றால் என்ன என்றும் இப்போது எனக்கு முழுக்க விளங்கிவிட்டது. கிழவர்கள் ஓடினதை இளம் ஆட்களுக்குச் செய்கிறார்கள், இளம் ஆட்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், கிழவர்கள் அதைப் பார்த்து அழுகிறார்கள். இதில் கொம்பனி யாரை நினைத்துச் செய்தது என்பது மட்டும்தான் மிச்சம். நீங்கள் தர்சனாவோடு கதைக்கும்போது, அப்பா பிள்ளையின் நன்மைக்குத்தான் செய்தவர் என்று மாமனாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். மடுமாதா உங்கள் வீட்டையும், வீட்டுக்குள் வருகிற வாகனங்களையும் காப்பாற்றுவாவாக.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள மச்சான்
யாக்கோபு

பி.கு: இன்று திங்கட்கிழமை, கடிதத்தை ஒட்ட முன்னம் திறந்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் சைக்கிள் பத்திரமாக நிற்கிறது என்ற இடத்தையும், களவு என்ற பேச்சுக்கு இடமில்லை என்ற இடத்தையும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். காலையில் தர்சனா இருக்கையைத் திறந்து மழைக்கோட்டை எடுக்கப் போக, கையில் சிகரெட் பெட்டி வந்திருக்கிறது. கிளறா பல்கனியில் நின்று அதைக் கண்டு, பிள்ளையைத் தெருவே கேட்கப் பேசி முடித்த பிறகுதான் மகள் நம்பர் பிளேற்றைப் பார்த்தாள். அது எங்களுடையது அல்ல. கஸ்பாரேயைக் கூட்டிக்கொண்டு வந்து விசாரித்தோம். கடற்கரைக் கோப்பிக்கடை மேசையில் எல்லாருடைய திறப்பும் ஒன்றாகக் கிடந்ததாம். இவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போக, சைக்கிள் ஸ்ராட் ஆகவில்லையாம். பக்கத்தில் நின்றது ஸ்ராட் ஆனதாம். எல்லாம் ஒரே மாதிரித்தானே, நான்தான் மாறி நினைத்துவிட்டேன் என்று ஏறி வந்தாராம். யாரோ ஒரு பிள்ளையின் சைக்கிளைத்தான் நான் நேற்று முழுக்கத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்த முறை நானாக ஒன்றும் செய்யவில்லை மச்சான். கொடுத்த வாக்குப்படி மகளிடம் கேட்டேன்: "இப்ப என்ன பிள்ளை செய்யிறது?"

"வேறை என்ன அப்பா, சொந்தக்காரரிட்டைக் குடுக்கிறதுதான்," என்கிறாள்.

அதைத்தானே மச்சான் நானும் செய்தேன்?