புரட்டாசியில் பிடித்த மீன்

செய்த தவறுக்கு மனிதன் வருந்த வேண்டும் என்கிறார்கள். நான் வருந்துவதற்காக என் மனைவி, மைத்துனர், பிள்ளைகள், பாயான் பாருவில் நாங்கள் அப்போது குடியிருந்த அடுக்குமாடியின் நான்காம் மாடிக்காரர்கள் எல்லாரும் பல வருடங்களாகக் காத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி முதல் வருடம். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை (அதாவது, மற்றவர்கள் வேலை செய்வதை நின்று பார்க்கும் வேலை). மனைவி இந்திராவின் அண்ணன் சேகர், நிபோங் திபால் ஊர்க்காரர், ஆற்றில் தூண்டில் போட்டே வளர்ந்தவர். அவர் வீட்டு விருந்தில் ஒரு நாள் மீன் பிடிப்பதைப் பற்றி நான் கொஞ்சம் விளக்கமாகப் பேசிவிட்டேன். (அதுவரை நான் ஓடிப் பிடித்ததெல்லாம் பஸ் மட்டும்தான்.) சேகர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து, "மாப்ள, நீங்க இந்த இடத்துல பிடிக்கத்தான் லாயக்கு," என்றார். இந்திராவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுவாரமே தெலுக் கும்பார் கடற்கரைக்குப் போய், பாக் மான் என்ற மலாய்க்காரப் படகுக்காரரிடம் ஒரு சனிக்கிழமைக்குப் படகு பேசி முடித்தேன். தொழிற்சாலை நண்பர்கள் நான்கு பேரும் வருவதாகச் சொன்னார்கள். நீரோட்டம் பார்த்தாயிற்று, ஷிப்ட் பார்த்தாயிற்று. ஒரு மீனாவது பிடிக்காவிட்டால் இனி மீனைப் பற்றி வாயே திறக்கமாட்டேன் என்று சேகருக்கு போனில் சவாலும் விட்டாயிற்று. பார்க்காத ஒன்று, எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டி.

இந்திரா அதைக் கழற்றிவந்து என் மடியில் வைத்தாள். புரட்டாசி மாதம், மூன்றாம் சனிக்கிழமை.

என் பெற்றோர் வீட்டில் புரட்டாசியின் சனிக்கிழமைகளில் மட்டும்தான் கவிச்சி கிடையாது. இந்திரா வீட்டில் பெருமாளுக்காக மாதம் முழுவதும் விரதம். நண்பர்களின் மனைவிமார் விஷயம் தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராகப் புருஷன்மாரைத் தடுத்துவிட்டார்கள். நாளை மாற்றலாம் என்றால், அதற்குப் பிறகு காற்றும் மழையும் என்று பாக் மான் கையை விரித்துவிட்டார். நாள் பார்க்கத் தெரியாதவன் என்று சேகரிடம் ஒப்புக்கொள்வதைவிடக் கடலில் விழுவது மேல் என்று எனக்குத் தோன்றியது.

"சாப்பிடத்தானே கூடாது? பிடிக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"உயிரைக் கொல்லக் கூடாதுன்னுதான் சாப்பிடறதே இல்ல," என்றாள் இந்திரா. "இறால், கணவாய் எதையும் நீங்க தொடக் கூடாது. இரை போடாம எப்படிப் பிடிப்பீங்க?"

"சைவ இரை போடுவேன். பிடிச்ச மீனத் திரும்பக் கடல்லயே விட்டுடுவேன். போதுமா?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே தெரியும். ஆனால் நல்ல யோசனையாகவே பட்டது. அதைச் சொல்லித்தான் நண்பர்களின் வீடுகளிலும் அனுமதி வாங்கினேன். இந்திரா மட்டும் நம்பவில்லை. விரதத்துக்குக் காவலாக அண்ணனையும் படகில் அனுப்புவதாகச் சொன்னாள். அவரும் வேடிக்கை பார்க்க ஆசையாகச் சம்மதித்தார்.

மீனுக்கு வாசனை முக்கியம் என்று எங்கோ கேட்டிருந்தேன். சைவச் சமையலில் எது தூரமாக மணக்கும் என்று யோசித்தால் ஒரே பதில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்திரா கோயிலுக்குப் போன நேரத்தில், வீட்டிலிருந்த பெருங்காயக் கட்டியை முழுசாக எண்ணெயில் பொரித்து, ஆட்டா மாவோடு சேர்த்து வாணலியில் கிளறினேன். அக்கம்பக்கத்தார் என்ன ஏதென்று கேட்கக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். கண் எரிந்தது. காற்று வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்தேன்.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "கேஸ், கேஸ்" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே ஓடினார். கொஞ்ச நேரத்தில் நான்காம் மாடி முழுக்கக் கீழே நின்றது. ஒருவர் தலையில் சோப்பு நுரை. ஒரு தாத்தா குடும்பத்தை விட்டுவிட்டுத் தன் மெர்போக் பறவைக் கூண்டோடு இறங்கியிருந்தார். கேஸ் கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வீடு வீடாக மோப்பம் பிடித்து, கடைசியில் என் அடுப்பருகே வந்து நின்றார். என்னையும் வாணலியையும் கீழே அழைத்துப்போய்க் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினார்.

எனக்குத் தெரிந்த மலாயில், மீனுக்கு இரை என்று விளக்கினேன். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) இறால் வாங்கினால் என்ன என்று கேட்டார். இந்த மாதம் எங்களுக்கு மீன் ஆகாது என்றேன். "அப்படியானால் எதற்கு மீன் பிடிக்கப் போகிறாய்?" என்றார் அவர். பதிலைத் தேடி நிமிர்ந்தபோது கூட்டத்தின் பின்னால் இந்திரா தெரிந்தாள். கையில் கோயில் துளசியோடு, என்னை யாரென்றே தெரியாதவள்போல் நின்றுகொண்டிருந்தாள்.

மானமுள்ளவன் அங்கேயே வாணலியைக் கவிழ்த்திருப்பான். நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நான்கு மாடியும் ஏறினேன்.

மறுநாள் படகில் பாக் மான் என் டப்பாவைத் திறந்து பார்த்து, "நி உம்பான் கா, குவே கா?" என்றார். இது இரையா, பலகாரமா என்று கேட்கிறார். இரைதான் என்று கௌரவமாகச் சொன்னேன். அலையும் பெருங்காயமும் சேர்ந்து நண்பர்கள் நால்வரையும் அரை மணி நேரத்தில் படுக்க வைத்துவிட்டன. சேகர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவு கரைந்துபோகும், நான் மறுபடி உருட்டிக் கோப்பேன். மத்தியானம் தாண்டியும் அதே கதை.

திடீரென்று தூண்டில் கையை அறுப்பதுபோல் இழுத்தது. இழுத்துப் போட்டால் கெளுத்தி, என் முழங்கை நீளம். பாக் மான் துணியால் அதை அமுக்கிப் பிடித்து முள்ளைக் கழற்றினார். "பாத்துக்குங்க மச்சான்," என்றேன். சேகர் பார்த்தார். குனிந்து, வால்வரைக்கும் நன்றாகப் பார்த்தார். பிறகு நான் கொடுத்த வாக்குப்படி அதைக் கடலில் விட்டேன். பொய் சொல்லவில்லை, கண்கூடக் கலங்கியது.

வீட்டு வாசலில் இந்திரா மீன் கிடைத்ததா என்று அண்ணனிடம் கேட்டாள். சேகர் இரண்டு கையையும் கூப்பினார்.

"நான் விரதத்துல இருக்கேன் இந்திரா. என் கண்ணுல மீனே படல."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், கிடைத்தும் கணக்கில் வராத எல்லாவற்றுக்கும் புரட்டாசி மீன் என்று பெயர். மகன் கோல் போட்டு நடுவர் செல்லாது என்றாலும் புரட்டாசி மீன்தான். எனக்குச் சம்பளம் கூடாமல் பதவி மட்டும் உயர்ந்தபோதும் இந்திரா அதையேதான் சொன்னாள். நான் மறுத்ததில்லை. மீன் மீன்தானே.

போன வருடம் சேகர் தன் நண்பர்களோடு ஒரு படகு பேசியிருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் ஹாலில் தூங்குவதாக நினைத்து, சமையலறையில் தங்கையிடம் மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கி மாப்ள எவ்வளவு பெருங்காயம் போட்டாரு?"

அவள் என்னையே கேட்கச் சொன்னாள். வந்து கேட்டார். கண்ணைத் திறக்காமலே சொன்னேன், நான் விரதத்தில் இருக்கிறேன் என்று.