மெட்ராஸை மைனஸ் ஆக்கிய ஒன்பதாம் கேள்வி

ஒரு மாநிலத்தின் தலைநகரத்தையே பூஜ்யத்துக்குக் கீழே இறக்கிய ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வெள்ளம் வரவில்லை, பஞ்சம் வரவில்லை. ஒரு கால்குலேட்டரும் பால்பாயிண்ட் பேனாவும் வைத்துக்கொண்டு நானே இதைச் செய்து முடித்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இத்தனை வருடம் கழித்து இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளக் காரணம், நான் எழுதாவிட்டால் என் மனைவி எழுதிவிடுவாள். (அவள் எழுதினால் இன்னும் கேவலமாக இருக்கும்.)

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு இடத்தில் உட்காராத ஜென்மம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் இரண்டு ஸ்டாப்புக்கு முன்பே எழுந்து படியில் போய் நிற்பேன். டீ ஆறும்வரை பொறுக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். எம்.ஏ. பொருளாதாரம் முடித்த மூன்று வருடத்தில் மூன்று வேலைகளை விட்டிருந்தேன். ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் அப்பா, "உன் கால்ல சக்கரம் கட்டியிருக்கா, இல்ல முள்ளு குத்தியிருக்கா? டாக்டராண்ட காட்டிடலாமா?" என்று உண்மையான கவலையோடு கேட்பார்.

இந்த லட்சணத்தில்தான் பியூலாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். பியூலா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் சபையின் பாடகர் குழுவில் முதல் வரிசை. நான் கடைசி வரிசை. (பாட்டு முடிவதற்கு அரை அடி முன்னாலேயே நான் முடித்துவிடுவேன் என்பதால்.) அவளுடைய அப்பா தேவசகாயம் ஊரில் பெயர்பெற்ற தோல் முதலாளி. அதாவது, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பைபாஸ் பக்கம் சொந்தமாக ஒரு ஷெட், உள்ளே இருபது ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பெஞ்சு அவருக்குத்தான்.

என் அப்பா தயங்கித் தயங்கிப் பெண் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "பையன் நல்ல பையன்தான் சார். ஆனா ஒரு எடத்துல நிக்கமாட்டேங்கறானே. பர்மனெண்ட் ஆர்டர் ஒண்ணு கையில வரட்டும். மறுநாளே பாக்கு வெத்தல மாத்திக்கலாம்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பர்மனெண்ட் ஆர்டர் என்கிற காகிதத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மெட்ராஸ் சென்னையான புதிது அது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் (பெயர் வேண்டாம், பாவம்) நம் தலைநகரம் வருடத்துக்கு எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று அளக்கக் கிளம்பியிருந்தது. கார், துணி, மருந்து எல்லாம் ஒழுங்காக அளந்துகொண்டு வந்தவர்கள், தோலுக்கு வந்ததும் முழித்தார்கள். ஏற்றுமதிக் காகிதங்களில் கப்பல் கப்பலாகத் தோல் சென்னை விலாசத்தில்தான் போகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி தயாராவது எங்கள் பக்கத்தில். ஆபீஸும் பில்லும் துறைமுகமும் அவர்களுக்கு, நாற்றம் எங்களுக்கு. ஆகவே ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வட்டாரத்தில் தயாராகும் தோலின் மதிப்பைத் தனியாகக் கண்டுபிடித்து, சென்னை விலாசத் தொகையிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் உண்மையில் சென்னை செய்த தோல். அதற்கு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு மாதத் தற்காலிக வேலை, திருப்தியாகச் செய்தால் பர்மனெண்ட். கண்ணாடி போட்ட, ஒல்லியான டைரக்டர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "அவசரப்படாம செய்யுங்க சாமுவேல்" என்றார். நான் "சரிங்க மேடம்" என்று சொல்லிமுடிக்கும்போது பாதிப் படி இறங்கியிருந்தேன்.

கையில் கொடுத்த ஃபாரத்தில் பன்னிரண்டு கேள்விகள். மாதம் எத்தனை தோல், ஒரு தோல் என்ன விலை, எத்தனை ஆட்கள் என்று எல்லாம் சுலபம். ஒன்பதாவதுதான் சனியன். "இது உங்கள் சொந்தச் சரக்கா, பிறருக்காகக் கூலிக்குச் செய்வதா?"

இதில் என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் ஓர் ஆட்டுத்தோல் ஒரே இடத்தில் முழுசாகத் தயாராகிவிடாது. ஓரிடத்தில் சுண்ணாம்பு போட்டு முடி நீக்கிப் பதனிடுவார்கள், இன்னோரிடத்தில் சாயம் ஏற்றுவார்கள், மூன்றாவது இடத்தில் மெருகு போடுவார்கள். பல நேரம் தோலுக்குச் சொந்தக்காரர் இந்த மூவரும் இல்லை. அவர் எங்கோ உட்கார்ந்திருப்பார், இவர்களுக்குக் கூலி மட்டும்தான். ஆனால் ஒருவர் தன் சொந்த ஷாப்பில் (தோல் பட்டறையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்), தன் ஆட்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் போய், "இதெல்லாம் உங்க தோலா, அடுத்தவன் தோலா?" என்று எப்படிக் கேட்பது? கல்யாண வீட்டில் பெண்ணின் நகையைத் தொட்டுப் பார்த்து இரவலா என்று கேட்கிற மாதிரி இருக்காது? வெளியூர்க்காரன் கேட்டுவிடுவான். ஆம்பூரில் பிறந்தவனுக்கு வாய் வராது.

முதலில் பேரணாம்பட்டு, கரீம் பாய் ஷாப். "வா தம்பி, மொதல்ல உக்காரு. சாப்ட்டுதான் பேசணும்" என்று பிரியாணியை இலையில் குவித்துவிட்டார். சாப்பிட்ட கையின் ஈரம்கூடக் காயவில்லை, அந்தக் கையோடு ஒன்பதாம் கேள்வியா? 'சொந்தம்' என்று டிக் அடித்தேன். மேல்விஷாரத்தில் சாயம் போடும் பாய் ஒரு டப்பா நிறைய மக்கன் பேடா இனிப்பையே கையில் கொடுத்தார். அங்கேயும் சொந்தம். அதற்கப்புறம் போகிற வழியிலேயே, பஸ்ஸிலேயே, மிச்சமிருந்த எல்லா ஃபாரத்திலும் ஒன்பதாவதுக்கு நேராக 'சொந்தம்' போட்டு வைத்துக்கொண்டேன். நேரம் மிச்சம் பாருங்கள்.

கடைசியாக தேவசகாயம் அங்கிளின் ஷெட்டுக்கும் போனேன். மெருகு போடும் வேலை அங்கே. அவர் ஆட்களைப் பார்த்து, "டேய், தம்பி கவர்மெண்ட்டுக்குக் கணக்கு எடுக்க வந்துருக்குது. ஃபேன் போடு" என்றார். (கவர்மெண்ட் இல்லை என்று நான் திருத்தவில்லை.) ஒவ்வொரு கேள்விக்கும் கணீரென்று பதில் சொன்னார். எட்டு முடிந்தது. நான் நேராகப் பத்துக்குத் தாவினேன். ஃபாரத்தில்தான் ஏற்கெனவே டிக் இருந்ததே.

இரண்டு மாத வேலையை முப்பத்தோரு நாளில் முடித்துவிட்டு, உட்கார்ந்து கூட்டினேன். தோல் பேரணாம்பட்டில் இருந்தபோது அதன் முழு விலை. மேல்விஷாரத்துக்குப் போனபோது மறுபடி முழு விலை. ஆம்பூருக்கு வந்ததும் இன்னொரு முறை முழு விலை. ஒரே ஆட்டை நான் மூன்று தடவை உரித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. தொகை பெரிதாக வரவர, நம்ம ஊர் இவ்வளவு செய்கிறதா என்று மார்பு விம்மியது. கழித்துப் பார்க்கும் வேலையைச் சென்னையிலேயே, எல்லோர் முன்னாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு அவசரம்.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் போர்டில் சென்னை விலாசத் தொகையை எழுதினேன். அதன் கீழே எங்கள் வட்டாரத் தொகையை எழுதினேன். கோடு போட்டேன். கழித்தேன். சாக்பீஸ் தானாகவே முன்னால் ஒரு சின்னக் கோடு இழுத்தது. மைனஸ்.

டைரக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இது என்ன சாமுவேல்?"

"மைனஸ் மேடம்."

"அது தெரியுது. மைனஸ்னா என்ன அர்த்தம்?"

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். நான் மூடுகிற ஆளா? "சென்னையில தோல் உற்பத்தியே இல்லன்னு அர்த்தம் மேடம்" என்றேன்.

"இல்லன்னா பூஜ்யம் வரணும். மைனஸ்னா?"

"சென்னை… தோலைத் தின்னுதுன்னு அர்த்தம் மேடம்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய அதிகாரி குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "நாளைக்குக் காலைல ஜீப் வருது. நீங்க போன எடத்துக்கெல்லாம் நான் வர்றேன்" என்றார் டைரக்டர் அம்மா. பர்மனெண்ட் ஆர்டர் கண் முன்னாலேயே இறக்கை கட்டிப் பறந்தது. நான் உடனே ஊருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு, "டைரக்டரம்மா நாளைக்கு ஆம்பூர் வர்றாங்க" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜீப்பில் நான் உட்கார்ந்தேன் என்று சொல்வது தப்பு. சீட்டின் நுனியில் தொங்கினேன். பேரணாம்பட்டில் இறங்கியதும் டைரக்டர் அம்மா டீயைக்கூடத் தொடாமல் கேட்டார்: "இதெல்லாம் உங்க சொந்தத் தோலா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரீம் பாய் சிரித்தார். "நம்மள்துன்னா? அட போங்கம்மா! நம்ம கையில தோலு சுத்தற டிரம்முதான் இருக்குது. தோலு மெட்ராஸ் பார்ட்டிது. இங்க பாருங்க" என்று ஒரு தோலை இழுத்து வால்பக்கத்து மூலையைக் காட்டினார். முக்கோணமாக மூன்று சின்ன ஓட்டைகள். தோல் ஊர் ஊராகப் போகும்போது மாறிவிடாமல் இருக்கச் சொந்தக்காரர் போடும் அடையாளம். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, நீ இதக் கேக்கவே இல்லியே? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல? பேஜார் பண்ணிட்டியே!"

மேல்விஷாரத்திலும் அதே மூன்று ஓட்டைகள். பேடா டப்பா மறுபடி நீட்டப்பட்டது. எனக்கு இறங்கவில்லை.

"ஆம்பூர்ல ஒரு எடம் பாத்தாப் போதும்" என்று ஃபாரங்களைப் புரட்டி டைரக்டர் அம்மா தன் கையாலேயே எடுத்த ஃபாரம், யாருடையது என்று நினைக்கிறீர்கள்? ஆண்டவர் என்னை அன்று முழுசாகக் கைவிட்டிருந்தார்.

ஷெட் வாசலில் ஜீப் நின்றது. வாசலில் கோலம். இருபது ஆட்களும் குளித்துச் சட்டை மாற்றி வரிசையாக நின்றிருந்தார்கள். வீட்டு சோபா ஷெட்டுக்குள் வந்திருந்தது. தேவசகாயம் அங்கிள் கையில் பொன்னாடையோடு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். அப்பா சொன்ன தகவலைக் கேட்டு, பர்மனெண்ட் ஆர்டரை டைரக்டர் நேரிலேயே கொண்டுவந்து கொடுக்கப்போகிறார் என்று முடிவு கட்டியிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"இது உங்க சொந்தச் சரக்கா, கூலிக்குச் செய்றதா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். அடுக்கியிருந்த தோல்களின் மூலையில் மூன்று ஓட்டைகள் எனக்கே தெரிந்தன. ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்து மறைத்துவிடலாமா என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

"கூலிக்குத்தாம்மா செய்றேன்" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "சொந்தமா இதுவரைக்கும் ஒரு தோல்கூட வாங்கினதில்ல."

டைரக்டர் அம்மா என் டிக்கை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது டிக் போட்டார். அங்கிளுக்குக் கையில் இருந்த பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் அதை டைரக்டர் அம்மாவுக்கே போர்த்தினார். ஆட்கள் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான கைதட்டலை நான் கேட்டதில்லை.

ஜீப் கிளம்பியதும் டைரக்டர் அம்மா கேட்டார். "அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் மாமனாரா ஆக வேண்டியவர் மேடம். நேத்து வரைக்கும்."

டைரக்டர் அம்மா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா வேற ஆள அனுப்பியிருப்பேனே" என்றார். இரண்டு மாதச் சம்பளமும் முழுசாகக் கொடுத்தார். பர்மனெண்ட் ஆர்டர் மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்ததும் தேவசகாயம் அங்கிளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கூட பியூலா. அப்பா நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். நான் சமையலறைக் கதவுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி, ஆர்டர் போச்சா?"

"போச்சு அங்கிள்."

"நீ வந்த அன்னிக்கு அந்தக் கேள்விய ஏன் கேக்கல? ஃபாரத்துல இருந்துச்சுல்ல?"

"எப்படி அங்கிள் கேப்பேன்? ஆளுங்கல்லாம் நின்னுட்டிருந்தாங்களே."

அங்கிள் அப்பா பக்கம் திரும்பிச் சொன்னார். "சார், எனக்குச் சொந்தத் தோல் இல்ல. இவருக்குச் சொந்த வேல இல்ல. இதுக்குமேல யாரு யாருக்குக் கண்டிஷன் போடறது? பாக்கு வெத்தல எடுங்க."

அன்றுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தேன் என்று பியூலா இன்றும் சொல்கிறாள்.

கல்யாணம் முடிந்து அவருடைய ஷெட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். (நாலாவது வேலை. இதை மட்டும் விடவில்லை.) மாமா என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "மாப்ள. மெட்ராஸயே மைனஸ் பண்ணவரு" என்பார். விருந்துக்கு எத்தனை பேர் என்று சமையல்காரர் கேட்டால், "அவராண்ட கேக்காதீங்க, ஒரே ஆள மூணு வாட்டி எண்ணுவாரு" என்று பியூலா குறுக்கே வந்துவிடுவாள். வீட்டில் யாராவது கொஞ்சம் ஜாஸ்தியாகப் பீற்றிக்கொண்டால், "ஒன்பதாவது கேள்வி!" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒவ்வொரு மாதமும் போனில், "அப்பா, இங்க இன்னும் மைனஸ்லதான் இருக்கோமா?" என்று கேட்கிறாள்.

அந்த மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம். ஒருநாள் காலையில் மாமா என்னை ஷெட்டுக்கு நடுவில் கூப்பிட்டு நிறுத்தினார். பழைய ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். தரையில் ஒரு சின்ன அடுக்கு தோல். மூலையில் ஓட்டை மூன்று இல்லை, இரண்டுதான்.

"கேளு" என்றார்.

"இன்னா மாமா கேக்கறது?"

"அன்னிக்கு வாய்க்குள்ளயே வச்சிட்டுப் போனியே, அந்தக் கேள்விய. ஆளுங்க முன்னாடியே கேளு."

ஃபாரத்தில் இருந்தபடியே கேட்டேன். "இது உங்க சொந்தச் சரக்கா, கூலிக்குச் செய்றதா?"

"சொந்தம்" என்றார். ஆட்கள் கை தட்டினார்கள். மாமா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். மெருகு போடுகிற ஷெட் அது. அங்கே சுண்ணாம்பு ஏது?

அதையும் நான் கேட்கவில்லை.