தேசிக்காய் அக்காவின் முழங்கைகள்

மாத்தளைச் சந்தையில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, விலை ஏறும்போது எல்லோரும் மழையைக் குறை சொல்வார்கள். எனக்குக் காரணம் தெரியும். தேசிக்காய் அக்கா.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிங்களப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் கடையில் இருவரும் வேலை செய்தோம். அவர் மேசையில் முழங்கைகளை ஊன்றி, முன்னால் சாய்ந்து வந்தவர்களிடம் விபரம் கேட்பார். நான் டைப் அடிப்பேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பாதித் தேசிக்காய்களை மேசையில் வைத்து, அவற்றுக்குள் முழங்கைகளை ஊன்றி, கால் மணி நேரம் அசையாமல் இருப்பார். போன் வந்தால் நான்தான் எடுத்து அவர் காதில் பிடிக்க வேண்டும்.

அவருடைய தங்கச்சி கல்யாணத்துக்குள் முழங்கைக் கறுப்பு போயாக வேண்டும். குட்டைக் கை பிளவுஸ் தைக்கக் கொடுத்தாயிற்று. சீனி போட்டுத் தேய்த்த வாரம் எறும்புகள் பைல்களுக்குள் குடிவந்தன. பிறகு கால் தேய்க்கும் கல்.

கடை ஆட்கள் எல்லோரும் ரிவர்ஸ்டன் மலைக்குச் சுற்றுலா போன அன்று சாற்றைக் கழுவாமலே வேனில் ஏறினார். எப்போதும் பனி மூடிக் கிடக்கும் இடத்தில் அன்றைக்கென்று நல்ல வெயில். இரண்டு நாளில் முழங்கைகள் சிவந்து கொப்புளம் போட்டன. டொக்டரிடம் துணைக்கு நான் போனேன்.

"தேசிக்காய் பூசிட்டு வெயில்ல போனா தோல் வெந்துடும்," என்றார் டொக்டர். "இனித் தேய்க்காதீங்க. புண் ஆறினதும், குளிச்ச ஈரத்தோட கிரீம் பூசுங்க. முழங்கைய எங்கயும் ஊன்றாதீங்க. முழங்கால் போட்டு ஜெபிக்கிறப்பவும் முழங்கைக்கு அடியில தலகாணி வைங்க."

"ஜெபத்துக்குமா டொக்டர்?"

"கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

மறுநாளிலிருந்து அக்கா கைகளை மடியில் வைத்து, பரீட்சை எழுத வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர், பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்று வந்தார். பாதி சொன்னவர் நிறுத்திவிட்டார்.

"மிஸ்ஸுக்கு இன்னைக்கு நேரமில்ல போல. நான் பொறகு வர்றேன்."

பேப்பர்களை அவர் பைக்குள் வைக்கும் வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆறாத முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"இருங்க ஐயா. எந்த எழுத்து பிழைச்சிருக்கு?"

பெரியவர் உட்கார்ந்தார். ஒரு எழுத்துக்காகக் குடும்பக் கதை முழுவதும் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. அக்கா கையை எடுக்கவில்லை.

அடுத்த நாள் நான் ஒரு துவாய்த் துண்டை மடித்து அவர் மேசையில் வைத்தேன். முழங்கைகளை அதன் மேல் ஊன்றிக்கொண்டார். கல்யாணத்துக்கு முழுக்கை பிளவுஸில் வந்தார். அழகாகத்தான் இருந்தார்.

இப்போது எனக்குக் கண்டியில் வேலை. எந்தக் காரியாலயத்துக்குப் போனாலும், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் சொல்ல வந்ததில் பாதி எனக்கு மறந்து போகிறது.