ஜெனிலா நின்ற கட்டையை அழித்த கதை

"மதினி, பிள்ளைக ஜெயிச்சது பெருமைதான், நான் இல்லைங்கல. ஆனா அந்த உடுப்போட படத்தைத் தெரு முக்குல வச்சா வாரவன் போறவன் என்ன நினைப்பான்?"

இதைச் சொன்னவர் எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் தங்கத்துரை அண்ணாச்சி. உப்பு வியாபாரி. சொன்ன இடம் அதே தெரு முக்கு. சொல்லும்போது அவர் உடுத்தியிருந்தது முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரம். சட்டை இல்லை. தோளில் ஒரு துண்டு, அதுவும் வியர்வை துடைக்க.

"உங்களைப் பாத்து வாரவன் போறவன் ஒண்ணும் நினைக்கலையே அண்ணாச்சி. அவங்களைப் பாத்து மட்டும் என்னத்தை நினைச்சிரப் போறான்?"

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் இருமினார். அவருக்குச் சளி கிளி எதுவும் கிடையாது. நான் வாயைத் திறந்தால் அவருக்கு இருமல் வரும். இருபத்து நாலு வருஷமாக இருக்கிற வியாதி.

விஷயம் இதுதான். என் மகள் நிவி இருக்கிற பல்கலைக்கழகப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி, தென்னாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கலந்துகொண்ட போட்டியில் மூன்றாவது வருஷமாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஏழு பிள்ளைகள். முதல் இரண்டு வருஷம் எங்கள் முத்தையாபுரத்தில் ஒரு ஈ, காக்கைகூடக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தெருப் பையன்கள் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் இரண்டாவது சுற்றில் தோற்றதற்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டு இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தோற்றதற்கு!

இந்த வருஷம் பேப்பரில் படம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சங்கத்துக்குப் பெருமை பொங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாராட்டு விழா, பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ். உடம்போடு ஒட்டி, கை காலெல்லாம் தெரிகிற அந்தப் போட்டி உடுப்பு மட்டும் வேண்டாமாம். போட்டி உடுப்பு இல்லாமல் ஜெயித்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்போல.

ஃப்ளெக்ஸ் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கான்வென்ட்டில் படித்தவளாம், எழுத்துப் பிழை இல்லாமல் பார்ப்பேனாம். இந்தப் புகழ்ச்சியில் விழுந்தேன் பாருங்கள், அங்கேதான் என் சனி ஆரம்பம்.

கிளம்பும்போது நிவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒழுங்கா பாத்து அடிச்சுட்டு வா. சூசை மாமா பஸ்ஸை விட்டு இறங்குனதும் முதல்ல பாக்கப்போறது அதைத்தான்."

சூசை அண்ணன் ஆலந்தலைக்காரர். கடல் தொழில். அவர் மகள் ஜெனிலாதான் அணியிலேயே கெட்டி. பேலன்ஸ் பீம் என்று ஒன்று இருக்கிறது. நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீளக் கட்டை. அதன்மேல் அந்தப் பிள்ளை தலைகீழாக நிற்கும், குதிக்கும், கரணம் போடும். அவளைத் தேசிய முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் வெளியூர். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். அப்பாவோ இதுவரை ஒரு போட்டிகூடப் பார்த்ததில்லை. "ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அவருக்காகத்தான் விழாவே ஞாயிற்றுக்கிழமை.

ஆக, ஒரு பிள்ளையின் முகாம் என் கையிலிருந்த பென்டிரைவில் இருந்தது. நான் அதைக் கொத்தமல்லிக் கட்டோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

ஃப்ளெக்ஸ் கடை செல்வின், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். சாதுவான ஆள். படத்தைத் திறந்தார். உடனே திரையைப் பாதி மூடினார்.

"யக்கா, இதை அப்படியே போடணுமா?"

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அண்ணாச்சியிடம் பேசிய வீரவசனத்தில் பாதியாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. வீட்டில் சாளை மீன் வாங்கி வைத்தது வைத்தபடி கிடக்கிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது, இன்னொரு சண்டைக்குப் பொறுமை இல்லை.

"கொஞ்சம் மூடுன மாதிரி எதையாவது போட்டு விட்டிருங்க. ட்ராக் சூட் மாதிரி."

"ஒரு அரைமணி நேரம் உக்காருங்கக்கா, கூடவே இருந்து பாத்துரலாம்."

"எனக்கு எங்க நேரம்? வாட்ஸாப்ல அனுப்புங்க."

அனுப்பினார். நான் சாளை கழுவிக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேல். சுண்டுவிரலால் திரையைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். "வாழ்த்துகிறோம்" சரி. அண்ணாச்சி பேருக்கு முன்னால் "மாண்புமிகு" என்று இருந்தது. எடுக்கச் சொன்னேன். பதினொரு கமிட்டி மெம்பர் பெயரும் படித்தேன். அந்தப் பெரிதாக்கலில் படம் மொத்தமும் திரைக்கு வெளியே போய்விட்டது எனக்குத் தோன்றவே இல்லை.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன். திரையில் இரண்டு செதில் ஒட்டியது.

ஞாயிறு மத்தியானம் மூன்றரை மணிக்கு முக்குக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள்.

"ஏளா, ஏழு பேருக்கும் ஒரே நாள்லயா வளைகாப்பு?"

நிமிர்ந்து பார்த்தேன்.

பதினைந்து அடிக்கு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் முழுக்க அண்ணாச்சி, காதில் போனோடு. கீழே வரிசையாகப் பதினொரு கமிட்டி தலைகள். மிச்சம் இருந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள். ஆறு பேருக்கு முகம்தான் சொந்தம். கழுத்துக்குக் கீழே பட்டுச்சேலை, முழங்கை வரை கண்ணாடி வளையல். வயிறும் லேசாக முன்னால் வந்திருந்தது. சுற்றி அன்னப்பறவை, தாமரை.

நடுவில் ஜெனிலா. தலைகீழாக நிற்கிற படத்தை அப்படியே நேராகத் திருப்பி வைத்திருக்கிறார். இடுப்பிலிருந்து ஒரு சேலையைச் சுற்றிவிட்டிருக்கிறார். கட்டையைக் காணோம். இரண்டு கையும் மேலே. கால் எதன்மேலும் படவில்லை. குதிரைவால் மட்டும் நட்டுக்குத்தலாக வானத்தைப் பார்த்து நிற்கிறது. போலீஸைக் கண்டதும் கையைத் தூக்கிக்கொண்டே மேலோகம் போகிற மாதிரி.

செல்வினுக்குப் போன் போட்டேன்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீரு?"

"ட்ராக் சூட்டு நம்மகிட்ட இல்லக்கா. லேடீஸ் உடம்பு எல்லாம் வளைகாப்பு டிசைன்லதான் கெடந்துச்சு."

"அந்தப் பிள்ளையை எதுக்குத் திருப்புனீரு?"

"தலைகீழா இருந்துச்சேக்கா. நீங்க பாக்காம குடுத்திட்டியன்னு நேராக்கிட்டேன்."

"கட்டை எங்க?"

"அது குறுக்க கெடந்துச்சு. அழிச்சுட்டேன்."

எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?"

"கேட்டுத்தானே அனுப்புனேன். கட்டைவிரல் போட்டியளே."

போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் வந்து நின்ற வீட்டுக்காரர் இருமக்கூட இல்லை. அது இருமினதைவிட மோசம்.

கழற்றலாம் என்றால் சங்கத்து ஏணி அண்ணாச்சி வீட்டில். அண்ணாச்சியோ ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, "லெச்சணமா இருக்கு மதினி. இதைத்தான் நானும் சொன்னேன்" என்று என்னையே பாராட்டினார். அவர் பார்த்தது அவர் படத்தை.

திருச்செந்தூர் பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. சூசை அண்ணன். இறங்கியவர் நேராக ஃப்ளெக்ஸ் முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"தங்கச்சி, இது எம்மவதானே?"

"ஆமாண்ணே."

"எதுமேல நிக்கா?"

அண்ணாச்சி வாயை அடைக்க எனக்கு ஒரு நொடி போதும். இந்த மனுஷன் கேட்ட இரண்டு வார்த்தைக்கு உள்ளதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அண்ணே, ஒரு கட்டை இருந்துச்சு. அழிச்சுட்டாங்க. நான்தான் சரின்னு சொன்னேன். மீன் கழுவிக்கிட்டே சொன்னேன்."

"என்ன மீனு?"

"சாளை."

ஏதோ பெரிய விளக்கம் கிடைத்த மாதிரி தலையை ஆட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

விழா ஆரம்பித்தது. பிள்ளைகள் ஏழு பேரும் பல்கலைக்கழக ட்ராக் சூட்டில், அவர்கள் கோச் மேடத்தோடு வந்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய உடுப்பு. ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் நிவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஜெனிலா ஃப்ளெக்ஸைப் பார்க்கவே இல்லை. அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியும் கமிட்டியில் ஐந்து பேரும் டீக்கடையிலிருந்து கொண்டுவந்த நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பிள்ளைகளும் நின்றார்கள். ஜெயித்தவர்கள் நிற்பார்கள், வாழ்த்துகிறவர்கள் உட்காருவார்கள். அதுதானே முறை!

அண்ணாச்சி அரைமணி நேரம் பேசினார். அதில் பாதி உப்பு. மீதி, இந்த ஃப்ளெக்ஸ் வைக்க அவர் பட்ட பாடு. உட்காரப் போனபோது முன்வரிசையில் சூசை அண்ணன் எழுந்தார்.

"படத்துல ஒண்ணும் வெளங்கல. எம்மவ என்ன செய்வான்னு பாக்கத்தான் வந்தேன். அந்தக் கட்டையைக் காட்டுங்க."

"அதெல்லாம் அவங்க காலேஜ்ல கெடக்கும். இப்ப சால்வை போடுவோம்" என்றார் அண்ணாச்சி.

"சால்வையைப் பாக்கவா ஆலந்தலையில இருந்து பஸ் ஏறுனேன்?"

ஜெனிலா கோச் மேடத்தைப் பார்த்தாள். கோச் மேடம் பெஞ்சைப் பார்த்தார். கமிட்டி உட்கார்ந்திருந்த அதே பெஞ்சு.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. எங்க கட்டையில ரெண்டு பங்கு அகலம் இருக்கு. இவளுக்கு இது நாலு வழிச் சாலை."

கமிட்டி எழுந்தது. கமிட்டி மட்டும்தான் எழுந்தது. தலைவரை யாரும் எழுப்ப முடியுமா? அண்ணாச்சி பெஞ்சின் ஓரத்து நுனியிலேயே கெத்தாக உட்கார்ந்திருந்தார். மறுமுனை மெல்ல மேலே போனது. அண்ணாச்சி மெல்லக் கீழே போனார். கடைசியில் மெல்ல என்பதெல்லாம் இல்லை. கால் இரண்டும் வானத்தில், வேட்டி தலைப்பக்கம், உள்ளே பச்சைக்கோடு போட்ட டவுசர்.

அன்றைக்கு அந்த முக்கில் உடுப்பு விலகியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். வாரவன் போறவன் எல்லாரும் பார்த்தான். என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. இந்தத் தடவை அது சிரிப்பு.

பெஞ்சை நேராக வைத்தார்கள். இரண்டு பிள்ளைகள் இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஜெனிலா ஷூவைக் கழற்றினாள். பெஞ்சில் ஏறி நடந்தாள். ஒரு காலில் சுழன்றாள். பிறகு கையை ஊன்றினாள். கால் இரண்டும் மேலே போனது, நேராக, ஒரு நடுக்கம் இல்லாமல். குதிரைவால் கீழே தொங்கியது, தொங்கவேண்டியபடி. துறைமுகம் போகிற லாரி ஒன்று பஸ் ஸ்டாப்பில் நின்றே விட்டது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

இறங்கினதும் சூசை அண்ணன் பெஞ்சுப் பக்கம் போனார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து அளந்தார்.

"நெசக் கட்டை இதுல பாதியா?"

"பாதிதாம்ப்பா."

"ஒசரம்?"

"உங்க நெஞ்சு ஒசரம்."

"விழுந்தா?"

"விழுவேன். திரும்ப ஏறுவேன்."

அவர் கையை எடுக்கவில்லை. "நாங்க வள்ளத்து விளிம்புல நிப்போம். அதுவும் நேராத்தான் நிப்போம்" என்றார் யாரிடமோ. பிறகு சட்டைப்பையைத் தடவினார்.

"பேனா யாருட்ட இருக்கு?"

என் பையில் இருந்தது. கொத்தமல்லி வாடை அடிக்கிற பேனா. நான் அன்றைக்கு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதை நீட்டினதுதான்.

பஸ் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டார். மஞ்சள் பையைக் கையில் தந்தார். உள்ளே சீலாக் கருவாடு.

"தங்கச்சி, இதையெல்லாம் இறக்கிட்டு, கட்டையோட உள்ள படம், அவ போட்ட அந்த உடுப்போடயே இதே எடத்துல வைக்கச் சொல்லுங்க. எங்க ஊரு ஆளுவ இந்த வழியாத்தான் பஸ்ல போறாவ. பாக்கட்டும்."

ஜெனிலா முகாமுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. புதுப் படத்தை நான் அடித்து வாங்கி வீட்டில் சுருட்டி வைத்திருக்கிறேன். செல்வின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, இரண்டு தடவை பார்த்து அடித்தது. பழையது இன்னும் முக்கில் தொங்குகிறது. அதில் அண்ணாச்சி படம் நன்றாக விழுந்திருக்கிறதல்லவா!

சங்கத்து வாட்ஸாப் குரூப்பில் முதல் வாரம் எழுதினேன்: "பழைய ஃப்ளெக்ஸை இறக்கவும்." இரண்டாவது வாரம்: "தயவுசெய்து இறக்கவும்." இன்று காலையில் கடைசியாக: "நீங்க யாரும் இறக்க வேண்டாம். சங்கத்து ஏணியை மட்டும் குடுத்து விடுங்க அண்ணாச்சி, நானே ஏறிக்கிடுதேன்."

முப்பத்தெட்டு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருத்தர்கூடக் கட்டைவிரல் போடவில்லை.