துணைக்கு ஒரு டப்பா

அன்பும் அதைவிட அதிகமாகச் சந்தேகமும் கொண்ட அக்காவுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் போன் வராத நேரத்தில் இன்னும் சுகம். போனில் என்னை ஒரு வார்த்தை பேச விடுகிறாயா நீ? அதனால்தான் எழுதுகிறேன்.

ஓட்டப் பயிற்சிக்காக என் வீட்டில் விட்டிருக்கிற உன் மகளுக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு, "உன் வீட்டுல ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கப்போறா, டெஸ்ட் எடுத்துட்டு அவள வண்டியேத்தி அனுப்புடி!" என்று நீ போனில் கத்தியது நான் வேலை பார்க்கும் சலவைக் கடை முழுக்கக் கேட்டு, நான் பதறி, இஸ்திரிப் பெட்டி ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதலாளி பார்த்த பார்வையில் இன்னொரு சட்டையும் கருகியிருக்கும்.

சரி, தொலையட்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா டப்பாவை நீட்டியதும் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். "அம்மாவே என்னை நம்பலையே சித்தி!" எனக்கு மனசு கேட்கவில்லை. "அடியே, ஒண்ணுக்குப் போறதுக்கா அழுவ? எனக்கும் ஒரு டப்பா கொடுங்கம்மா, துணைக்குப் போயிட்டு வரேன்" என்றேன். எனக்கும்தான் மாதவிலக்கு நின்று நாலைந்து மாதமாகிறது. வயசாச்சு, கடையைச் சாத்தியாச்சு என்று விட்டுவிட்டேன்.

பிள்ளையின் டப்பாவை அங்கேயே பார்த்துச் சொல்லிவிட்டார், ஒன்றுமில்லை. எடை குறையணும் என்று குருவி மாதிரி கொத்திவிட்டு விடியுமுன்னே ஓடுகிறாளே, அதுதான் வினை. "உடம்புக்குத் தீனி பத்தலைன்னா அது முதல்ல இந்த வேலையத்தான் நிறுத்தும். கவலைப்பட்டாலும் நிக்கும், தைராய்டு இருந்தாலும் நிக்கும். சில பிள்ளைங்களுக்குப் பதினைஞ்சு வயசு தாண்டியும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. எதுக்கெடுத்தாலும் கர்ப்பம்னே நினைச்சா எப்படி?" என்று என்னைத் திட்டினார். உனக்கு விழவேண்டிய திட்டு, நான் வாங்கிக்கொண்டேன். ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டு, ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் திரும்ப வருமாம். அடியோடு விடவேண்டாமாம். என் டப்பாவையும் கொடுத்தேன், அதன் முடிவை யார் கேட்டார்கள், கடைக்கு நேரமாச்சு என்று ஓடி வந்துவிட்டேன்.

ஆகவே அவளை அனுப்பமாட்டேன். என் வீட்டில் எவளும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கவில்லை. உன் சந்தேகத்தை மடித்து அலமாரியில் வை.

அத்தானுக்கு வணக்கம். நீ நூறு வயசு இருக்கணும், அதில் பாதியாவது வாயை மூடிக்கொண்டு இருக்கணும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டரம்மா போன் பண்ணினார். துணைக்குப் போன டப்பா காலை வாரிவிட்டது அக்கா. என் வீட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலியை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. உன் மகள் சிரித்துச் சிரித்தே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நீ சொன்னது சரிதான், ஆள்தான் மாறிப்போச்சு. அவளை அனுப்ப முடியாது. நீ வண்டியேறு.