கண்ணமங்கலத்தில் பத்து நிமிஷம்

குடியை விட்டுவிடுவது என்று 1999 ஆடி மாதத்தில் முடிவெடுத்தேன். நான் எங்கே எடுத்தேன்? என் மனைவி தெய்வநாயகி எடுத்தாள். எங்கள் வீட்டில் முடிவுகளை அவள் எடுப்பாள், நான் அறிவிப்பேன்.

காரணம் ஒரு பட்டுப்புடவை. நான் நெய்ததை முதலாளி கடையில் விரித்துப் பார்த்தார். என் கை நடுங்கிய இடமெல்லாம் இழை விலகியிருந்தது. முந்தானையில் ஒரு அன்னப்பறவைக்கு இரண்டு கழுத்து.

"இன்னாய்யா லோகநாதா, பறவைக்கும் ஊத்திட்டியா?" என்று புடவையை என் மடியிலேயே போட்டார்.

அன்று சாயங்காலம் நாயகி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். வேலூரில் ஞாயிறுதோறும் குடிகாரர்கள் ஒன்றுகூடிப் பேசி, குடியை விடுகிற கூட்டமாம்.

"போய்க்கினு வாங்க. இல்லன்னா இந்த வூட்ல உங்களுக்கு எடம் இல்ல."

வீடு அவள் அப்பா அவள் பேரில் எழுதி வைத்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஞாயிறு வேலூருக்குப் போகத்தான் பஸ் ஏறினேன். கண்ணமங்கலத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் காலை நீட்டலாம் என்று இறங்கினேன். எதிரே பிராந்திக் கடை. அதைத் தாண்டி என் கால் நீளவில்லை.

எட்டு மணிக்கு வீடு திரும்பினேன்.

"இன்னாங்க, வாசனை வருது?"

"நாப்பது குடிகாரனுங்க நடுவுல குந்தினா ஒட்டாதாடி?"

"கூட்டத்துல இன்னா பேசனாங்க?"

"அத்த வெளிய சொல்லக் கூடாது. அங்க பேசனது அங்கயே. அதான் சட்டம்."

துண்டுச் சீட்டின் அடியில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அதை எழுதினவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

"ஓ, சட்டமா?" என்று சோறு போட்டாள். சண்டை இல்லை. அடுத்த வாரமும் இல்லை. முன்பெல்லாம் நான் வரும்வரை பட்டினி கிடந்து அழுவாள். இப்போது நேரத்தோடு சாப்பிட்டுப் படுத்தாள். என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குக் கண் கலங்கியது. பாதி பாசம், பாதி சரக்கு.

இப்படிப் பதிமூன்று ஞாயிறு. ஒருநாள் கேட்டாள்:

"தொண்ணூறு நாளு குடிக்காம இருந்தா பதக்கம் தருவாங்களே, எங்க?"

எனக்கே தெரியாத பதக்கம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற இடத்தில்தான் என்னிடம் வேறு என்னவோ இருந்ததே!

"அடுத்த வாரம்டி" என்றேன். ஒரே ஒரு தடவை போய்ப் பதக்கத்தை வாங்கிவந்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன்.

ஐந்து ஏலக்காயை மென்றுகொண்டு, கண்ணமங்கலத்தில் கண்ணை மூடிக்கொண்டு, வேலூர் போய்ச் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. இருபது பேர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அய்யாக்கண்ணு நடுவில் இருந்தார். என் முறை வந்தது.

"என் பேரு லோகநாதன். ஆரணி. தொண்ணூறு நாளா கையால தொடல. பதக்கத்த குடுத்தீங்கன்னா ஜல்தியா கெளம்பிடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அய்யாக்கண்ணு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, கண்ணமங்கலத்துல இப்பவும் பஸ்ஸு பத்து நிமிசம் நிக்குதா?"

அதற்குள் டீ வந்தது. பக்கத்து அறையின் கதவு திறந்தது. அது குடிகாரர்களின் குடும்பத்தாருக்கான தனிக் கூட்டமாம். கையில் டீ கிளாஸோடு நாயகி வந்தாள், யாரோ ஒரு பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. அவள் சிரித்து நான் பார்த்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

"நீ எங்கடி இங்க?"

"மொத ஞாயித்துக்கெழமையே நீங்க போறீங்களான்னு பாக்க அடுத்த பஸ்ல வந்தேன். கண்ணமங்கலத்துல பஸ் ஜன்னல் வழியா பாத்தா கடை பெஞ்சுல குந்திக்கினு ஊறுகா நக்கிக்கினு இருக்கீங்க. வேலூர் வரைக்கும் டிக்கெட்டு எடுத்துட்டனே, வீணாக்குவானேன்னு இங்க வந்துட்டேன். அப்பலேந்து வாராவாரம் வரேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அங்க பேசனது அங்கயே. நீங்கதான சட்டம்னீங்க?"

"என்ன திருத்தறதுக்கா இத்தினி வாரம் வந்த?"

"இல்லீங்க. உங்கள திருத்த என்னால ஆவாதுன்னு கத்துக்கினேன். அத்த கத்துக்கவே பதிமூணு வாரம் ஆச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கடையில் உப்பு கேட்பதுபோலச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைமேல் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்தேன்.

"இனிமே தொட்டா நான் மனுசனே இல்ல நாயகி. அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேந்து வரலாம்."

"வாங்க. யார் வேணா வரலாம்" என்றவள், கண்டக்டரிடம் காசைக் கொடுத்து அவளே டிக்கெட் வாங்கினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கண்ணமங்கலம் வந்தது. எதிரே கடையில் விளக்கு எரிந்தது. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக, கண்ணைத் திறந்துகொண்டே அந்த ஊரில் எழுந்திருக்கவில்லை. பெருமையாக நாயகியைப் பார்த்தேன்.

கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். "கண்ணமங்கலம் டிக்கெட் ஒண்ணு பாக்கி, யாருப்பா? எறங்கு!"

யாரும் எழவில்லை. நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நாயகி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"உங்களுக்கு இதுவரைக்கும்தாங்க எடுத்தேன்."