பிள்ளைக்காக ஊரைக் கேட்பவர்

ஆலோசனை கேட்கும் தகப்பன் என்றொரு இனம் உண்டு. பாளையங்கோட்டையில் இது கூட்டம் கூட்டமாகவே வாழ்கிறது. காலையில் மைதானத்துக் கம்பிவேலி ஓரம், மாலையில் டீக்கடை வாசல், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முற்றம் என்று எங்கும் காணலாம்.

நம் தேவசிகாமணி அந்த இனத்தின் தலைமகன். அரசாங்க கிளார்க். நாலு பேர் குறிப்பெழுதாத கோப்பில் ஐந்தாவது ஆள் கையெழுத்துப் போடக்கூடாது என்று பழகியவர். அவர் மகள் பெர்சிஸ் ஒன்பதாம் வகுப்பில் முதல் மதிப்பெண். தடை தாண்டும் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதல். பொங்கல் முடிந்ததும் கோச் பெருமாள்ராஜ் சொன்னார்: "அண்ணாச்சி, பிள்ளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் பயிற்சி வேணும். பள்ளிக்கூடத்துல விடமாட்டாவ. நல்லாப் படிக்கிற பிள்ளைதான, கரஸ்ல, வீட்டுல இருந்தே படிச்சு, பத்தாவது எழுதட்டும். பரீட்சைக்கு முன்ன முடிவு சொல்லுங்க."

சரி அல்லது வேண்டாம். ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய பதிலுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

சவரக் கடையில் கேட்டார், நாங்குநேரி பஸ்ஸில் கேட்டார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். "கரஸ்ல படிச்ச பிள்ளைய எவன்வே மதிப்பான்?" என்றார் கண்டக்டர், உடனே பள்ளிக்கூடம்தான் என்று தீர்மானம். "ஓடுத வயசுல ஓடட்டும்வே, பாடம் எங்கன போயிரும்?" என்றார் பக்கத்து சீட்காரர், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கரஸ்தான் என்று தீர்மானம். என்னிடமும் கேட்டார். அரைமணி நேரம் விளாசினேன். அறிவுரை சொல்ல யாருக்குத்தான் கசக்கும்?

கடைசியில் ஆண்டவரிடமே போனார். அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஊரில் ஜெபக் குறிப்பு என்பது பரலோகம் வழியாக ஊருக்குப் போகும் சுற்றறிக்கை. சனிக்கிழமை சாயங்காலம் மனசு கரஸ் பக்கம் சாய்ந்திருந்த வேளையில் போதகரிடம் ஜெபச் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை சர்ச் வாசலில் மைத்துனர் ஜெய்சன் முகம் சுளிக்க, மனசு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. கொடுத்த சீட்டு திரும்புமா? "சகோதரர் தேவசிகாமணியின் மகள் பள்ளியை விட்டு, வீட்டிலிருந்து படிக்கப்போகும் காரியம் வாய்க்கும்படியாக..." என்று போதகர் உருக்கமாக ஜெபித்தார். மூன்றாவது வரிசையில் பள்ளித் தலைமையாசிரியை யூனிஸ், சத்தமாக ஆமென் சொன்னார்.

திங்கட்கிழமை டி.சி. தயார்.

"ஆண்டவர் வழி திறந்துட்டாரு. கையெழுத்துப் போடுங்க" என்றார் யூனிஸ். தேவசிகாமணி பேனாவைப் பிடித்தபடி, மணியடிக்கும் இஸ்ரவேலைத் திரும்பிப் பார்த்து, "போடலாமாவே?" என்றார்.

யூனிஸ் டீச்சருக்குப் பொறுமை போயிற்று. "பிள்ளை என்ன சொல்லுதா?"

ஊரையெல்லாம் கேட்டவர் அந்த ஓர் ஆளைக் கேட்கவில்லையே!

பெர்சிஸை வகுப்பிலிருந்து அழைத்தார்கள். நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். காலையில் ஓட்டம், பதினொன்றுக்குக் கணக்கு, மத்தியானம் அறிவியல், சனிக்கிழமை மாதிரித் தேர்வு. அவளே போட்ட அட்டவணை. "எனக்குக் கரஸ்தான் வேணும் டீச்சர். ஓட்டத்தையும் விடமாட்டேன், படிப்பையும் விடமாட்டேன். இதை எழுதி ரெண்டு மாசமாச்சு. அப்பா இன்னைக்குக் கேப்பாங்க, நாளைக்குக் கேப்பாங்கன்னு வச்சிருந்தேன்."

இஸ்ரவேல் வந்து இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அரைமணி நேரம் விளாசிய நானும் அவளைக் கேட்கவில்லை.

தேவசிகாமணி யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு மகளிடம், "பஸ்ஸுல போவமா, ஆட்டோவுல போவமாம்மா?" என்று கேட்டாராம். இனம் அவ்வளவு சுலபத்தில் அழியாது.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் பெர்சிஸ் வாய் திறப்பதற்கு முன்பே, அவளுக்குக் கரஸா பள்ளிக்கூடமா என்று நீங்கள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தீர்களா இல்லையா? போகட்டும். உங்கள் பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று போன வாரம் போனில் மூன்று பேரிடம் விசாரித்தீர்களே, அப்போது பிள்ளை அடுத்த அறையில்தானே இருந்தது?